கூடையோடு நடந்த சித்தி

இன்று பதுளைக் கடைவாசலில் மழையில் நனைந்து கிடந்த கொழுந்துக்கூடையிலிருந்து ஈரக்கயிற்றின் வாசனை வந்தது. உடனே, இப்போது தேயிலைச் செடிகள் நிற்கிற இடத்தில் முன்பு வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்துக்கும், அதன் பின்னாலிருந்த இரண்டு கொய்யா மரங்களுக்கும் மனம் போய்விட்டது.

அந்த மரங்களுக்கு நடுவேதான் அம்மாவின் தங்கை பாக்கியம் சித்தி கயிறு கட்டியிருந்தாள். பசறைச் சந்தையில் கழைக்கூத்தாடிப் பெண் ஒருத்தி மூங்கில் கழியோடு கயிற்றின்மேல் நடந்ததைப் பார்த்து வந்த நாளிலிருந்து, தோட்டத்துத் துரையின் குதிரை அந்தப் பக்கம் வராத ஞாயிறுகளில் எல்லாம் சித்தி ஏறுவாள், விழுவாள், சேலையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் ஏறுவாள்.

"கொமரிப்புள்ளைக்கு இது என்ன கூத்து? காலை ஒடிச்சுக்கிட்டா, காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு கூப்புடுறப்ப யாரு போய் நிப்பா?" என்று அம்மா ஏசுவாள்.

கழியை எத்தனை முறை மாற்றியும் சித்திக்கு நாலடிக்கு மேல் நடக்க வரவில்லை. ஒரு ஞாயிறு என்ன தோன்றியதோ, கழியை எறிந்துவிட்டு, கூடை நிறையப் புல்லை அமுக்கி, மலையில் கொழுந்து சுமப்பதுபோலவே கூடைக்கயிற்றை உச்சந்தலையில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டு ஏறினாள். கழுத்து நிமிர்ந்தது. கொழுந்தோடு செங்குத்துச் சரிவில் இறங்கும் அதே நிதானத்தில் பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. லயமே திரண்டு வந்து பார்த்தது.

அம்மா மட்டும் கைகளை விரித்தபடி கீழே கூடவே ஓடினாள். "ஏடி, கூடையைக் கழட்டி எறிடி, விழுந்துருவ!"

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை.

"கழட்டுனாத்தான்க்கா விழுவேன்."