ரத்னபாய் திரும்பி வராத வழி

பாறசாலை ஈசாக்குக்குப் பிறந்தது ஏழு, தங்கியது நாலு. அந்த நாலில் மூத்தவள் ரத்னபாய். அதியன்னூர் ராஜையாவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. ராஜையாவுக்குச் சபையில் மணி அடிக்கிற வேலை. ரத்னபாய்க்கு எழுத்து தெரியும் என்பதால் மிஷன்காரர்கள் அவளைப் பைபிள் ஸ்திரீயாக வைத்துக்கொண்டார்கள். வீடு வீடாக நடந்து போய், வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு வேதம் வாசித்துக் கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் அப்படி நடந்தாள். எந்த வீட்டில் எத்தனை தலை, யாருக்கு யார் பெண் கொடுத்தார்கள், எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பிள்ளை இல்லை. ராஜையா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. சொந்த நிலத்திலேயே அடக்கம் செய்வதுதான் அங்கே பழக்கம் என்பதால், வீட்டுப் பறம்பின் மூலையில், தொண்டை ஒட்டி அவரை வைத்திருந்தார்கள். தொண்டு என்றால் இரண்டு பக்கமும் மண்கரை உயர்ந்து, நடுவில் பள்ளமாக ஓடுகிற நடவழி. இந்தத் தொண்டு நாலடி அகலம். ஊரிலிருந்து புறப்பட்டு, ரத்னபாயின் பறம்பைத் தொட்டுக்கொண்டு, நெய்யாற்றின்கரை நகரத்து ஓரத்தில் இருக்கிற வலியகுளத்தில் போய் ஏறும். தொண்டு முடிகிற அந்த வாயில், டீ விற்கிற கிருஷ்ணன்குட்டியின் சாயக்கடை. அதைத் தாண்டினால் சபை.

வேதம் வாசிக்கப் போகும்போது ரத்னபாய் தொண்டு வழியே இறங்கி நகரத்துப் பக்கம் போவாள். திரும்பும்போது பெரிய ரோட்டைச் சுற்றி, ரோட்டோரத்து வீடுகளையும் முடித்துக்கொண்டு வருவாள். போகிற வழியில் திரும்பி வருகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த கூத்துக்கெல்லாம் இதுதான் வேர்.

மார்த்தாண்டத்தில் போலீஸ் துப்பாக்கி எடுத்து வெடிவைப்பு நடத்தி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று ஒரு பக்கம். எல்லை பிரிக்கிற கமிஷன்காரர்கள் வந்து மனு வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நெய்யாற்றின்கரை எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விலை கேட்டால்கூட, எந்தப் பேச்சில் கேட்கிறான் என்று பார்த்துத்தான் பதில் சொன்னார்கள்.

அந்த மாசி மாதத்தில் காக்கி நிக்கர் போட்ட ஒருத்தன், மடக்கு ஸ்டூலும் குடையும் நோட்டுப் புத்தகமுமாக வந்து தொண்டு வாயில் உட்கார்ந்தான். காலை ஏழு மணிக்கு வருவான், சாயந்திரம் ஆறுக்குப் போவான். யாரிடமும் பேசமாட்டான். ஒருத்தர் தொண்டில் போனால் நோட்டில் ஒரு கோடு. நாலு கோடு ஆனதும் குறுக்கே ஒரு கோடு. வலியகுளத்தங்கரையில் பார்க் வரப்போகிறது, குளத்தைச் சுற்றி நடைபாதை போடப்போகிறார்கள், அதற்கு எத்தனை பேர் நடந்து வருவார்கள் என்று பார்க்கிறான் என்று நகரசபை ஆபீஸ் பியூன் சொன்னான். ஒருத்தரும் நம்பவில்லை.

“வெடிவச்ச கையி பூச்செடி வைக்குமாக்கும்” என்றாள் ரத்னபாய்.

அவன் பேர் ஜெயதாஸ் என்று பியூன் வழியாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு சந்தேகம் இரண்டு மடங்கானது. பேர் சபைப் பேர், சபையார் தமிழ்ப் பக்கம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இருபதடி தூரத்தில் மணி அடித்தும் அவன் சபைக் கோவிலுக்கு ஏறவில்லை. அப்படியென்றால் மலையாளப் பக்கத்துக்காக வேலை பார்க்கிறவன் என்று ரத்னபாய் நினைத்தாள். அதே பேரைக் கேட்டுக் கிருஷ்ணன்குட்டி, இவன் தமிழன்மாருடைய ஆள் என்று தன் கடையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் ரத்னபாய் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நோட்டில் நீளமாக ஒரு கோடு கிழித்து இரண்டு கட்டம் போட்டிருந்தான். அவள் தாண்டியதும் இடது கட்டத்தில் ஒரு கோடு விழுந்தது. எதிரே கிருஷ்ணன்குட்டியின் பெண்சாதி விஜயம்மா பால் விற்றுவிட்டுக் காலிப் பாத்திரத்தோடு வந்தாள். வலது கட்டத்தில் விழுந்தது. மறுநாளும் பார்த்தாள். அவள் போனால் இடது, விஜயம்மா வந்தால் வலது. விஜயம்மா விடியும் முன்பே பாலோடு போய்விடுவாள். திரும்பி வருவதைத்தான் அவன் பார்ப்பான் என்பது அப்போது யார் புத்தியிலும் வரவில்லை. இடது தமிழ், வலது மலையாளம். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ராஜையாவின் தம்பி யோசுவா போராட்டத்தில் அடிபட்டு, கையில் கட்டோடு இருந்தவன். ரத்னபாய் அவனிடம் சொன்னாள். அவன் சபையார் வீடுகளிலெல்லாம் சொன்னான். ஆள் எண்ணுகிறார்கள், நடக்க முடிகிறவர்களெல்லாம் நடங்கள். அண்ணி எப்படிப் போகிறாளோ அப்படியே தொண்டு வழியே போய் ரோட்டு வழியே திரும்புங்கள், அதே வழியில் திரும்பினால் அதே ஆள் என்று கண்டுபிடித்துவிடுவான்.

அன்று முதல் ஊர் நடக்கத் தொடங்கியது. முழங்கால் வலியோடு ரத்னபாய் ஒரு நாளைக்குப் பதினோரு சுற்று போனாள். சபையாரில் தங்கையன் ஒரே பலாப்பழத்தைத் தோளில் வைத்து நாலு தடவை சந்தைக்குப் போனான். ஆனால் இரண்டு நாளில் எதிரேயும் ஆள் பெருகியது. விஜயம்மா வந்தால் வலது என்று கிருஷ்ணன்குட்டியும் பார்த்திருக்கிறான். அவன் ஆட்கள் ரோட்டு வழியே போய்த் தொண்டு வழியே வந்தார்கள். மூன்று சுற்றுக்கு ஒரு சாயை என்று பேச்சு இருந்தது. நாலடித் தொண்டில் இரண்டு கூட்டமும் தோள் உரசிப் போகும். ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். எல்லாருக்கும் அவசர வேலை. ஜெயதாஸ் தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று வாரம் கழிந்து அவன் ஸ்டூலை மடக்கிக்கொண்டு போனான்.

வைகாசியில் வாசகசாலைச் சுவரில் பிளான் தொங்கியது. பார்க் வருவது உண்மைதான். குளம் நீலம், புல்வெளி பச்சை, இருக்கைகள் கறுப்புப் புள்ளி. ரத்னபாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மலையாளத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். இந்தத் தொண்டில் ஒரு நாளைக்கு எழுநூறு நடை இருப்பதால் நாலடி போதாது, இருபதடி அகலத்தில் மரம் நட்டு நடைவழி போட வேண்டும். பார்க் வாசலில் கடை கூடாது. தொண்டின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு உள்ளே, அவள் பறம்பின் மூலையில், சின்னதாக ஒரு சதுரம். பக்கத்தில், ‘சமாதி ஒன்று, மாற்ற வேண்டும்’ என்று இருந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் சொல்லலாம்.

அவள் வீட்டுக்கு வந்து ராஜையாவின் கல்லில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தானே பதினோரு சுற்று நடந்து தன் புருஷனைக் கிளப்புகிறாள். நடந்தது பொய் நடை என்று போய்ச் சொன்னால் கல்லறை நிற்கும். ஆனால் இடது கட்டம் குறையும். குறைந்தால் தாலுகா கைவிட்டுப் போனாலும் போகும்.

யோசுவாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் பிளானை ஏற்கெனவே பார்த்திருந்தான்.

“அண்ணி, அண்ணனுக்க எலும்ப நாம மரியாதையா வேற எடத்துல வைப்பம். எண்ணிக்கை மட்டும் கொறையப்பிடாது. அண்ணன் இருந்தா இதத்தான் சொல்லுவாரு.”

“அண்ணன் இருந்தா என்ன சொல்லுவாருண்ணு எனக்குத் தெரியும். நீ போ” என்று அனுப்பிவிட்டாள்.

இரண்டு நாள் யோசித்தாள். ஒரு வழிதான் தெரிந்தது. இடது கட்டத்தில் எவ்வளவு வெட்டுகிறார்களோ அவ்வளவு வலதிலும் வெட்ட வேண்டும். அப்போது நிறை சமமாக நிற்கும். அதற்குக் கிருஷ்ணன்குட்டி கூட வர வேண்டும். நட்டுச்ச நேரத்தில், மதிய வெயிலில் கடையில் ஆள் இல்லாதபோது போனாள். போராட்டம் தொடங்கிய பிறகு அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

“உம்ம கடையும் போவுது, இல்லியா?”

“போவுது அக்கா. பார்க் வாசல்ல சாயக்கட பாடில்லாண்ணு எழுதி வச்சிருக்கினும்.”

“நீரு எத்தன பேர நடக்க விட்டீரு?”

“நான் ஆரையும் நடக்க விடல்ல. ஆளுக நடந்தினும், அம்புட்டுதான். அக்கா எத்தன பேர விட்டிய?”

“எங்க ஆளுகளும் தானாட்டுதான் நடந்தினும்.”

கிருஷ்ணன்குட்டி சாயையை ஆற்றி அவள் முன்னால் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. அவன், தங்கையனுக்க பலாப்பழம் பழுத்துதா என்று கேட்டான். உமக்க ஆளுகளுக்குச் சாயை கொடுத்து எத்தனை பக்கா பால் தீர்ந்தது என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் யார் முதலில் ஆபீசில் சொல்வது? அவள் சொன்னபின் அவன் வாயை மூடிக்கொண்டால்? அவன் சொன்னபின் அவள் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டால்? இரண்டு பேரும் சேர்ந்து போவது, ஒருத்தர் பேசும்போது மற்றவர் தலையாட்டுவது என்று முடிவானது. ரோட்டு வழியே போனார்கள்.

ஆபீசில் ஜெயதாஸ் மேசை மேல் பிளானை விரித்து வைத்து ஸ்கேலால் எதையோ அளந்துகொண்டிருந்தான். ரத்னபாய் மலையாளத்தில் தொடங்கினாள். நடந்தவர்கள் எல்லாம் நடந்தவர்கள் இல்லை, சுற்றிச் சுற்றி வந்தவர்கள் என்று சொன்னாள். கிருஷ்ணன்குட்டி தலையாட்டினான். ஜெயதாஸ் பழைய நோட்டை எடுத்தான். அதைக் கண்டதும் அவளுக்குப் பேச்சு தன்னாலே மாறியது.

“இடது பக்கம் எங்க ஆளுக. வலது பக்கம் இவிய ஆளுக. ரெண்டுலயும் ஒரே அளவு வெட்டணும். எங்க கண்ணு முன்னால வெட்டணும்.”

ஜெயதாஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, சுத்தமான விளவங்கோட்டுப் பேச்சில் சொன்னான்.

“அம்மச்சி, இது போக்கு. இது வரவு. வேற ஒண்ணும் இல்ல.”

கிருஷ்ணன்குட்டி சட்டென்று ரத்னபாயைப் பார்த்தான். இவனுக்குத் தமிழ் தெரியும் என்று இவளுக்கு முன்பே தெரியும்போல என்று அந்தப் பார்வை. அவளோ ஜெயதாசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ மூணு வாரம் ஏம் மக்கா வாயத் தொறக்கல்ல?”

“எந்தப் பேச்சு பேசினாலும் ஒரு பக்கத்து அடி உண்டுண்ணு பெரிய சாரு சொல்லி விட்டாரு. கோவிலுக்கும் ஏறாண்டாம்ணாரு. அம்மைக்கு நான் ஒத்தைக்கொரு மகன்.”

ஆளை எண்ணவில்லை, நடையைத்தான் எண்ணினேன் என்றும், ஒரே பலாப்பழத்தை அவனும் பார்த்ததாகவும், பழத்தைப் பற்றி எழுத நோட்டில் கட்டம் இல்லை என்றும் சொன்னான். சரியான எண்ணிக்கை கொடுத்தால் பிளானை மாற்ற எழுதலாம் என்றான்.

அங்கேயே உட்கார்ந்து வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். வீடுகளெல்லாம் ரத்னபாய்க்குத் தெரியும், தொண்டு வாயில் வந்து போகிறவர்களெல்லாம் கிருஷ்ணன்குட்டிக்குத் தெரியும். தங்கையன் வீட்டில் மூன்று பேர் என்று அவள் சொன்னால், ஒருத்தி பிரசவத்துக்குப் பொழியூர் போயிருக்கிறாள், ரெண்டு என்று எழுதும் என்பான் அவன். ஸ்ரீகுமாரி வீட்டில் நாலு என்று அவன் சொன்னால், மாமியார் கட்டிலை விட்டு எழுந்து வருஷம் ஒன்றாச்சு என்பாள் இவள். ஒரு தலை கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் நம்பாததால் ஒரு பொய்யும் உள்ளே நுழைய முடியவில்லை. சாயந்திரம் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஜெயதாஸ் அப்படி ஒரு சுத்தமான எண்ணிக்கையை அதற்கு முன் கண்டதில்லை.

பிளானில் இருபதடித் தொண்டு ஏழடியாகச் சுருங்கியது. கிருஷ்ணன்குட்டியின் கடை தொண்டு வாயை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றது. சிவப்புக் கோடு ராஜையாவின் கல்லுக்கு ஒன்றரைச் சாண் தள்ளிப் போனது. அன்று ஆபீசில் நோட்டுப் பக்கத்தைத் தன் முன்னாலேயே குறுக்கே அடிக்க வைத்த பிறகுதான் ரத்னபாய் எழுந்தாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் எல்லை வந்தது. விளவங்கோடு தமிழ்நாட்டோடு அந்தப் பக்கம் போனது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கம் நின்றன. யோசுவா அண்ணன் கல்லறையில் வந்து நின்று, ஆரோ நம்ம எண்ணிக்கையக் கொறச்சிட்டினும் அண்ணி என்றான். அவள் கல்லில் கிடந்த சருகைத் தட்டிவிட்டாள். குறைத்தது யார் என்பதை அவள் சாகும்வரை அவனிடம் சொல்லவில்லை.

ஆனால் அவளுக்குள் அது ஆறவே இல்லை. பார்க் வந்தது, இருக்கை போட்டார்கள், சாயந்திரம் ஜனம் வந்து காற்று வாங்கியது. அவள் அந்த இருக்கையில் ஒரு நாளும் உட்காரவில்லை. கிருஷ்ணன்குட்டியைக் காணும்போதெல்லாம் கேட்பாள்.

“போக்கும் வரவுமுண்ணா ரெண்டு கட்டம் எதுக்கு? போனவன் வரத்தானே செய்வான். ஒரு கட்டம் போராதா?”

கிருஷ்ணன்குட்டி சாயையை ஆற்றிக்கொண்டே கேட்பான். முப்பது வருஷத்துக்கு மேல் போன வழியில் திரும்பி வராத ஒருத்தி தன் முன்னாலேயே நிற்கிறாள் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தாள். தடி ஊன்றி நடந்த காலத்திலும் தொண்டு வழியே சபைக்குப் போவாள், ரோட்டைச் சுற்றி வீட்டுக்கு வருவாள். தொண்டு வழியே வந்தால் பாதி தூரம்தான். மழையில் நனைந்தாலும் வரமாட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, காலுக்கு அதாக்கும் பழக்கம் என்பாள்.

அவள் போனபோது சபையில் ஜெபம் முடித்து, பெட்டியை யோசுவாவின் மக்கள் தோளில் எடுத்தார்கள். ராஜையாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைச் சுற்ற யாருக்கு முடியும்? நேராகத் தொண்டில் இறங்கினார்கள். கிருஷ்ணன்குட்டி கடைப் பலகையைப் பாதி இழுத்துவிட்டு வெளியே வந்து நின்றான். பெட்டி அவனைத் தாண்டியது.

“அக்கா இண்ணைக்காக்கும் மொதத் தடவையா வரவுல வாறது” என்று விஜயம்மாவிடம் மெதுவாகச் சொன்னான்.

பிறகு தோர்த்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் பின்னால் தொண்டு வழியே அவனும் நடந்தான். மண் போட்டு முடிந்ததும் கடைக்குத் திரும்பினான், ரோட்டு வழியே.