மீன் தொட்டியில் பிளீச் வாசனை

அவளுக்குப் பயம் என்பது கூடப் பிறந்தது. கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படி இறங்கியவள் மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஓட்டுநரான கணவன் அவளுக்கு வைத்திருந்த பெயர் பயந்தாங்கொள்ளி. அந்தப் பயந்தாங்கொள்ளி வேலை பார்த்ததோ, தைரியசாலிகளே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். கறை படிந்த விரிப்புகளை பிளீச் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, வெள்ளை வெளேரென்று எடுப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நெடியில் கண் எரிந்து மூக்கில் நீர் வடிந்தது. பிறகு எல்லாம் பழகிவிட்டது.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவள் பயத்துக்கு நிரந்தரமாக ஓர் இடம் கிடைத்தது. அவருக்குக் கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு மட்டும் மனிதர்களிடம் திரும்பவில்லை. மகன் கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி, தலையை மட்டும் ஆட்டுவார். ஆனால் கூடத்தில் இருந்த மீன் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், உள்ளே இருந்த ஒற்றைத் தங்கமீனிடம் வாய் திறப்பார். "டேய் தொப்பை... வாடா... தின்னுடா." அவ்வளவுதான். அதைச் சமையலறையிலிருந்து ஒட்டுக் கேட்பதே அவளுக்கு ஆறுதல்.

டாக்டரிடம் சொன்னபோது, "மீன்கிட்டயாவது பேசுறாரே, நல்லதுதான். அதை விட்டுடாம பாத்துக்குங்க" என்றார். அன்றிலிருந்து மீனுக்கு ஏதாவது ஆனால் மாமாவின் வாய் ஒரேயடியாக மூடிவிடும் என்ற பயம் அவள் வயிற்றில் குடியேறிவிட்டது. தொட்டியைக் கழுவும் பொறுப்பை வேறு யாரிடமும் தரவில்லை.

அந்தத் தொட்டியின் வடிகட்டியில் ஒரு சின்ன வலைப்பை உண்டு. அதற்குள் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கடுகளவு பிசின் மணிகள். தண்ணீரின் மஞ்சளையும் கண்ணுக்குத் தெரியாத அழுக்கையும் குடித்துக் குடித்துக் கரும்பழுப்பாகிவிடும். அப்படி ஆனதும் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிளீச் கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தால் மணிகள் பழையபடி வெளுக்கும். பிறகு நன்றாக அலசி, குளோரினை முறிக்கும் மருந்துத் தண்ணீரில் போட்டு வைத்து, மறுபடி அலச வேண்டும். மீன் கடைக்காரர் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "கடைசியா மூக்குகிட்ட வெச்சு மோந்து பாருங்க. துளி வாசனை வந்தாலும் உள்ளே போட்டுடாதீங்க. மீன் செத்துப்போயிடும்" என்றார்.

வெளுப்பது அவளுக்குக் கைவந்த வேலை. மணிகள் வெளுத்தன. அலசினாள். மருந்துத் தண்ணீரில் போட்டாள். அன்று அவளுக்குப் பிற்பகல் வேலை. மணிகள் போதுமான நேரம் ஊறவில்லை. ஆனாலும் அவள் பயந்தாங்கொள்ளி அல்லவா, பையை எடுத்து மோந்து பார்த்தாள். வாசனை இல்லை. மறுபடி மோந்து பார்த்தாள். இல்லவே இல்லை. நிம்மதியாக வடிகட்டிக்குள் வைத்தாள்.

சாப்பாட்டுப் பாத்திரத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். ஓடி வந்தாள்.

"என்ன மாமா, தண்ணி வேணுமா?"

தலையை இடவலமாக ஆட்டினார்.

"பாத்ரூம் போகணுமா?"

அதுவும் இல்லை. நடுங்கும் விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். சளி என்று நினைத்தாள். துண்டை எடுத்து, குழந்தைக்குச் செய்வதுபோல அவர் மூக்கைப் பதமாகத் துடைத்துவிட்டாள். அவர் துண்டைத் தட்டிவிட்டு மறுபடி மூக்கைக் காட்டினார். அவள் மறுபடி துடைத்தாள். கிழவர் கண்ணில் நீர் கட்டியது. உடம்புக்கு என்னவோ செய்கிறதென்று பயந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் கணவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"என்னடி இது, வீடு பூரா பிளீச் நாத்தம்?"

"என் கை எப்பவும் நாறுதுன்னுதானே சொல்வீங்க?"

"இது கை நாத்தம் இல்லடி. தொட்டியிலேர்ந்து வருது. உனக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. அந்த வாசனை அவளுக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அது அந்த நொடியில்தான் அவளுக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். தொப்பை தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

வலைப்பையைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். குளோரினை முறிக்கும் மருந்துப் பாட்டிலின் மூடி அவசரத்தில் திறக்க வரவில்லை. கணவன் பிடுங்கித் திறந்து தொட்டியில் கொட்டினான். அதற்குமேல் செய்வதற்கு எதுவும் இல்லை. அதுதான் பெரிய கொடுமை. மாமாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் அவள் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்று வாய் தானாக முணுமுணுத்தது. ஆகிவிடும் என்றுதான் மனசு சொன்னது.

மீன் இன்னும் சாய்ந்தது. பிறகு வாலை ஒருமுறை அசைத்தது. மெல்ல நிமிர்ந்து, தள்ளாடி, தொட்டியின் மூலைக்குப் போய் நின்றது. செவுள்கள் சீராக அசையத் தொடங்கின.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்து, உடைந்து, கோபத்தில் நடுங்கிய குரல்.

"மூக்கை... காட்டினா... தொடைச்சா விடுற? கழுதை!"

கணவன் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைக்க மறந்து அப்பாவையே பார்த்தான். அவள் திரும்பினாள். மாமனார் மீனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"திட்டுங்க மாமா," என்றாள். "நிறுத்தாதீங்க. இன்னும் திட்டுங்க."