தேங்காய்ப் பையில் வைத்த நகை

அக்காவின் கல்யாணம் தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, அம்மா என்னை மணப்பெண் அறைக்குள் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். அக்கா கழற்றி வைத்திருந்த வைரத் தோடு, இரட்டை வடச் சங்கிலி, ஆறு வளையல் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தாள். பார்ப்பவர்களுக்கு மளிகைக் கடைப் பொட்டலம் என்றுதான் தோன்றும். அதை ஒரு தாம்பூலப் பையின் அடியில் வைத்து, மேலே வெற்றிலை பாக்கைப் போட்டு, அதற்கும் மேல் ஒரு தேங்காயை வைத்தாள்.

"எந்தத் திருடன்டி தேங்காயைத் திருடப்போறான்?" என்றாள்.

முந்தின நாள் அதே மண்டபத்தில் யாருடைய கைப்பையோ காணாமல் போயிருந்தது. அதிலிருந்து அம்மாவுக்கு எல்லாருமே திருடர்களாகத் தெரிந்தார்கள், பந்தி பரிமாறுகிறவர்கள் உள்பட. நகையை மயிலாப்பூரில் எங்கள் வீட்டு பீரோவில் பூட்டிவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு அக்கா புக்ககத்தாரோடு வீட்டுக்கு வருவாள். அங்கிருந்து அவர்கள் பம்பாய் ரயிலுக்குக் கிளம்புவார்கள். கிளம்பும்போது நகை அக்காவின் மேல் இருக்க வேண்டும். அவள் மாமியார் கண்ணில் படாதது எதுவும் கிடையாது என்று இரண்டே நாளில் எங்களுக்குத் தெரிந்துபோயிருந்தது.

ஆட்டோவில் நான் பையை இரண்டு கையாலும் மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பிறகு டிரைவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "வெறும் தேங்காய்தானே! அதைப் போய்க் குழந்தையாட்டம் கட்டிண்டு உக்காந்திருக்கியே. பின்னாடி போடுடி!"

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அம்மா கனத்தை மடியிலிருந்தே இறக்கிவிட்டாள். சீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் பையைப் போட்டேன். அம்மாவின் சாமர்த்தியத்தை மனதுக்குள் மெச்சியும் கொண்டேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போது சண்டை. டிரைவர் மீட்டருக்கு மேல் கேட்டார். அம்மா விடவில்லை, நானும் சேர்ந்துகொண்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். மீட்டர் காசை மட்டும் கொடுத்துவிட்டு, வெள்ளிக் குடம், பட்டுப்புடவை மூட்டை, பட்சண டின் எல்லாவற்றையும் கவனமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். ஆட்டோ சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகுதான் அம்மா பீரோ சாவியோடு திரும்பிக் கையை நீட்டினாள்.

நான் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்மா அழவில்லை. கீழே உட்கார்ந்து, "யார்ட்டயும் சொல்லாதே. அப்பாகிட்டகூடச் சொல்லாதே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா வெறுங்கழுத்தோடு பம்பாய்க்குப் போய் அந்த மாமியாரோடு ஆயுசு முழுக்க இருக்கப்போவதை நினைத்தேன். அந்த டிரைவரைப் பேசிய பேச்சையும் நினைத்தேன். அந்தக் கோபத்துக்கே திருப்பித் தரமாட்டான் என்று தோன்றியது.

தெருமுனைக்கு ஓடினேன். அங்கே நின்ற இன்னொரு ஆட்டோக்காரர், "இன்னாம்மா, நம்பர் பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. காதுக்குக் கீழே ஒரு நீளமான தழும்பு மட்டும் நினைவில் இருந்தது. வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதானே வந்தேன். காவல் நிலையத்துக்கு நான் தனியாகத்தான் போனேன். அதற்குமுன் அந்தப் படி ஏறியதில்லை.

ஏட்டு தழும்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. மணி இரண்டு ஆகியிருந்தது.

"குடிச்சிருந்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

அவர் குடித்திருக்கவில்லை. இல்லை என்று சொன்னால் ஏட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். ஏட்டு உடனே தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மூன்று ஸ்டாண்டுகளில் தேடினோம். நான்காவது மந்தைவெளிப் பக்கம். வேப்பமரத்தடியில் டிரைவர்கள் சேர்ந்து கட்டியிருந்த சின்னப் பிள்ளையார் கோவில். அதன் பக்கத்தில் ஆட்டோவில் சாய்ந்தபடி அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கையைக் காட்டினேன். கேள்வி எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே ஏட்டின் அறை அவர் கன்னத்தில் விழுந்தது. டீ சட்டையெல்லாம் கொட்டியது.

"குடிச்சிட்டு வண்டி ஓட்றியா? பை எங்கடா?"

"சார், டீ சார் இது! இன்னா பை சார்?" என்றவர் என்னைப் பார்த்தார். "தேங்கா பையா? தோ, அங்க மாட்டிக்கீது சார்."

பிள்ளையார் கோவில் கம்பிக் கதவில் பை தொங்கிக்கொண்டிருந்தது. போகிற வருகிறவர் கைக்கு எட்டும் உயரத்தில் இரண்டரை மணி நேரமாகத் தொங்கியிருக்கிறது. அடியில் பொட்டலம் கட்டுப் பிரியாமல் இருந்தது.

"தேங்காய மட்டும் புள்ளையாருக்கு ஒடச்சிட்டேன்மா" என்றார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே. "வெறும் தேங்காதான்னு அந்தம்மா சொல்லிச்சே. இதுக்கோசரம் எங்க திரும்பி வரப்போறாங்கன்னு..."

திருடனை ஏமாற்ற நாங்கள் போட்ட வேஷத்தில் ஏமாந்தது அவர் ஒருவர்தான். மற்ற டிரைவர்கள் சுற்றி நின்று என்னையே பார்த்தார்கள். அவர் குடிக்கவில்லை என்று ஏட்டிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பொய் சொன்னதற்காக என் பக்கம் திரும்புவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

"இந்தம்மாவை வூட்ல வுட்டுட்டு வா. காசு வாங்கினேன்னு தெரிஞ்சுது, தொலைச்சிருவேன்" என்றார் ஏட்டு.

மறுபடி அதே ஆட்டோ, அதே சீட். இந்தத் தடவை பையை மடியை விட்டு இறக்கவில்லை. முன்னால் அந்தத் தழும்பு; அதற்கு மேலே கன்னம் சிவந்திருந்தது. வேறு எங்காவது கொண்டுபோய்விடுவாரோ என்று ஒவ்வொரு திருப்பத்திலும் தெருப் பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்தார்.

நான் பர்ஸைத் திறந்து பணம் எடுத்தேன். அவர் பதறிக்கொண்டு கையை ஆட்டினார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கி என் பக்கம் வந்தார்.

"யம்மா, எல்லாம் சரியா கீதான்னு இங்கியே, என் கண்ணு முன்னாடி பாத்துடு. அப்பாலிக்கா வூட்டுக்குள்ள போய் ஒண்ணு கொறையுதுன்னு சொல்லி ஸ்டேசனுக்குப் போய்டாத. எனக்கு ரெண்டு பொண்ணு கீது."

அதெல்லாம் வேண்டாம், உங்களை நம்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் விரல்கள் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தன.