அம்மாவுக்குக் கிடைத்த திருகுத்தடி

அண்ணை சுவிசிலிருந்து கொண்டுவந்த நடைத்தடிகளைச் சண்டிலிப்பாய் வீட்டுக் கட்டிலில் பரப்பிவைத்த காலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு சோடி. இரண்டுமே ஒன்றுக்குள் ஒன்று போய் நீளவும் குறுகவும் செய்யும் வகை. ஒரு சோடி அவர் பாவித்துக் கழித்தது. உயரத்தை வைத்துத் திருகி இறுக்கவேண்டும். மற்றது புத்தம்புதிய கார்பன் தடி. வெளியே சின்னக் கிளிப் ஒன்று. மடித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ளும்.

நான் பயந்த சுபாவக்காரன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பவந்து இழுத்துப் பார்க்கிறவன். திருகுத்தடியைக் கையில் எடுத்ததுமே இழுத்துப் பார்த்தேன். உள்ளே இறுகியிருக்கிறதா என்பது வெளியே தெரியாது. கிளிப் என்றால் மூடியிருப்பதைக் கண்ணால் காணலாம். நாங்கள் போகவிருந்ததோ உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் காட்டுப்பாதை. மணலும் காய்ந்த ஆற்றுப் பள்ளங்களுமாகக் கிடக்கும். அண்ணைக்குச் சுவிசில் விசா கிடைத்தால் அந்த வழியாக நடந்து வருகிறேன் என்று அம்மா முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். அண்ணைக்காக நடக்கிற நடை.

“அண்ணை, அந்தக் கிளிப் போடுறதை அம்மாவுக்குக் குடுங்கோவன்” என்றேன்.

“எட்டாம் வகுப்போடை நிண்ட உனக்கு உது விளங்குமோ? நாங்கள் அங்கை பனிமலை ஏறுற ஆக்களடா.”

“விடு தம்பி, அவன் ஆசையாய்க் கொண்டந்தது” என்று அம்மா திருகுத்தடியை வாங்கிக்கொண்டார்.

நான் விடவில்லை. காட்டுக்குள் ஒவ்வொரு காலையும் அம்மாவின் தடிகளை நிலத்தில் ஊன்றி, அழுத்தி, திருகிப் பார்ப்பேன். அண்ணை சிரிப்பார். ஒரு பள்ளத்தில் இறங்கும்போது அம்மா தன் பாரம் முழுவதையும் வலக்கைத் தடியில் கொடுத்தார். அது சத்தமில்லாமல் தனக்குள்ளேயே போய்விட்டது. அம்மா அந்தக் கையின் மேலேயே விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. யாத்திரைக்காரருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ட்ரக்டரில் ஏற்றி, வந்த வழியே திரும்பினோம். வழியில் அண்ணை தன் கார்பன் தடிகளை மண் துடைத்து மடக்கிப் பைக்குள் வைத்தார்.

அம்மாவைப் பார்க்க வந்த சொந்தக்காரர் முன்னால்தான் அண்ணை அதைச் சொன்னார். “நான் நல்லா இறுக்கித்தான் குடுத்தனான். இவன்தான் காலமை காலமை அதை நோண்டிக்கொண்டு நிண்டவன்.” ஒருவரும் மறுக்கவில்லை. என்னுடைய பயத்தை எல்லாரும் அறிவார்கள், அதனால் நம்புவது சுலபமாக இருந்தது. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோனால் அங்கேயும் கேட்பார்கள், “அம்மாவின்ரை கையை முறிச்சவர் நீரோ?” என்று. பகிடிதான். நான் காசை எண்ணாமலே வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அந்தக் கை பிறகு சரிவரவில்லை. அடுத்த மாரியில் அம்மா போய்ச் சேர்ந்தார். கடைசியில் கேட்டது ஒன்றுதான்: “நான் நடக்காமல் விட்டதை ஆராவது முடியுங்கோ.” செத்தவீட்டில் அண்ணை அழுதழுது அதைத் தன்மேல் போட்டுக்கொண்டார். “வாற முறை நான்தான் நடப்பன். நீ தொடாதை.” அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்: அவருக்கு முந்தி நான் நடந்துவிடுவேன்.

யாழ்ப்பாணத்தில் பழைய சாமான் கடையொன்றில் தடி தெரிந்தெடுத்தேன். கார்பன் லேசானது, ஆனால் உடைந்தால் சொல்லாமல் உடையும். அலுமினியம் பாரம், முதலில் வளைந்து காட்டும். அலுமினியத்தில் கிளிப் வைத்ததை எடுத்தேன். அதற்குமேல் சைக்கிள் டியூப்பை வெட்டி மூட்டில் சுற்றினேன். யாத்திரைக்காரருக்குக் காட்டுப்பாதையைத் திறந்துவிட்டதும் ஒருவருக்கும் சொல்லாமல் போய், யானைக்கும் பாம்புக்கும் நடுங்கி நடுங்கி நடந்து, கதிர்காமத்தில் அம்மாவின் பேரைச் சொல்லி நேர்த்தியை முடித்தேன். பக்தி இருந்ததா என்று கேட்டால் தெரியாது. அண்ணைக்கு ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது என்பதே கால்களை இழுத்துப்போனது.

இந்த வருடம் அண்ணை நடக்கவென்று வந்தார். முழங்கால் பட்டி, புதுச் சப்பாத்து, அம்மாவின் படம் போட்ட சேட்டு.

“அம்மாவின்ரை நேர்த்தி போன வருசமே முடிஞ்சுது, அண்ணை.”

முகம் வெளிறிவிட்டது. “நான்தானே நடக்கிறன் எண்டனான்? ஏனடா என்னைக் கேக்கேல்லை?”

“கேட்டுத்தான் என்ன? நோண்டிறன் எண்டுவியள்.”

குனிந்து முழங்கால் பட்டியைக் கழற்றினார். “அப்ப நான் என்ன செய்யிறது, தம்பி?” குரல் உடைந்திருந்தது. சேர்ந்து இன்னொருமுறை நடப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்குத்தான் காத்திருந்தார் என்பதும் தெரிந்தது.

“கதிர்காமத்துக்கு பஸ் போகுது, அண்ணை” என்றேன். உள்ளே போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பிறகு இன்னொரு தரமும் போட்டுக்கொண்டேன்.