டோக்கியோவில் பாதியில் நின்ற தோப்புக்கரணம்

மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் கும்மிடிப்பூண்டியிலிருந்து டோக்கியோ வந்திருக்கிறோம். இன்று காலை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"ஒருத்தர்தான் கூட இருக்கணுமாம் மாமா. பக்கத்துல பெரிய மியூசியம் இருக்கு, பாத்துக்கினு இருங்க. போன் பண்றேன்" என்றார் மாப்பிள்ளை.

ஜப்பானியக் கத்திகள், ஓவியத் திரைகள் எல்லாவற்றையும் வரிசை தவறாமல் பார்த்துவிட்டு, ஆசியக் கூடத்துக்குப் போனோம். அங்கே கருங்கல்லில் நம் பிள்ளையார்.

மனைவி செருப்பைக் கழற்றினாள்.

"பொண்ணு அங்க வலியில கீறா. தோப்புக்கரணம் போடுய்யா. எனுக்கு முட்டி மடங்காது."

"இங்கேயா? காவலர் பார்க்கிறாரே."

"பாத்தா இன்னா? சாமி நம்முளுதுதானே?"

காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். நாலைந்து போடுவதற்குள் காவலர் ஓடிவந்தார். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்திருக்கிறார். சக்கர நாற்காலியும் வந்தது.

விளக்கிச் சொல்ல மொழி தெரியவில்லை. மறுக்கவும் கூச்சமாக இருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். வாசல்வரை தள்ளிவந்து, தலைகுனிந்து வழியனுப்பினார்.

"மீதிய யாரு போடுறது?" என்று மனைவி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பாக்கியை நாங்கள் தங்கியிருக்கும் அறையிலேயே போட்டால் போதுமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள். மாப்பிள்ளையிடமிருந்து இன்னும் போன் வரவில்லை.