மீட்டர் அடங்கிய கைகள்

திண்டிவனத்தில் திங்கட்கிழமை விடியற்காலை எங்களை ஏற்றிக்கொள்ளும் வேன், சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்பக் கொண்டுவந்து விடும். கடலோரத்தில் ஒரு வளாகம். நீருக்கடியில் ஓடும் கப்பலுக்கான சின்ன அணு உலை அங்கே பராமரிப்பில் இருந்தது. பொறியாளர்கள் குழாய்களுக்குள் மருந்துத் தண்ணீரைச் சுழலவிட்டு, கதிர்வீச்சு ஏறிய துருவைக் கரைத்து எடுப்பார்கள். அதன் பிறகும் வால்வுகளிலும் தரையிலும் ஒட்டியிருப்பதைத் துணியால் துடைத்தெடுப்பது ஒப்பந்த ஆட்களான எங்கள் வேலை. நிமிர முடியாத இடுக்கு. கதிர்வீச்சு அளவு மீறாமலிருக்க, சில நிமிடங்களிலேயே வெளியே கூப்பிட்டுவிடுவார்கள்.

இரண்டு இரண்டு பேராகத்தான் போவோம். என் ஜோடி வளவனூர்க்காரன், என்னைவிட எட்டு வயது இளையவன். அப்போதுதான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. உள்ளே போகுமுன் ஒருவர் கையுறையின் ஓரத்தை மற்றவர் டேப் சுற்றி மூட வேண்டும். அன்றைக்கு அவனுக்குச் சுற்றியது நான். அவசரத்தில் சுற்றினேனா, வியர்வையில் டேப் நழுவியதா, இன்றுவரை தெரியாது.

வெளியே வந்து, கதிர்வீச்சை அளக்கும் மீட்டரில் கையை வைத்தான். அலறியது. அவன் குழாயடிக்கு ஓடிப்போய்ப் பறட்டுப் பறட்டென்று தேய்த்தான். பாதுகாப்பு அதிகாரி தடுத்தார்.

"தேய்க்காதப்பா! தோலு உரிஞ்சா உள்ள எறங்கிடும். வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு. மெதுவா."

மூன்று முறை கழுவியும் மீட்டர் கத்தியது. நான்காவது முறை அடங்கியது.

"போயிடுச்சாண்ணா?" என்றான் என்னிடம்.

"போயிடுச்சுடா. நானும்தான் பாத்தேனே."

அடுத்த திங்கட்கிழமை அவன் வேனுக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் மனைவி போன் செய்தாள். வளவனூருக்குப் போனேன். தொட்டியடியில் உட்கார்ந்து தேங்காய் நாரால் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு வரை தோல் உரிந்து சிவந்திருந்தது.

"நாளெல்லாம் கழுவிக்கினே இருக்காருண்ணா," என்றாள். "புள்ளைய ஒரு தடவகூடத் தூக்கல. அழுதா கையப் பின்னால கட்டிக்கினு நிக்கிறாரு. என்ன வேலைன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

வேலையைப் பற்றி வெளியே பேசமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருந்தோம். அதை மீறி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேப் சுற்றியது நான் என்பதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "மிஷினு கம்முனு ஆயிடுச்சுன்னா, இவரு மட்டும் ஏண்ணா கம்முனு ஆவல?" என்று கேட்டாள்.

விழுப்புரத்தில் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். என்ன வேலை என்று அவர் கேட்டார். "சாயப் பட்டறைங்க," என்றான் அவன். நான் பக்கத்திலேயே நின்றேன். அவன் மனைவி என்னைப் பார்த்தாள். அவளிடம் திறந்த வாய் டாக்டர் முன்னால் திறக்கவில்லை; வேலை போய்விடும் என்று பயந்தேன். களிம்பு எழுதிக்கொடுத்து, சாயத்தைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மனசு பொறுக்காமல் பாதுகாப்பு அதிகாரியிடம் கெஞ்சினேன். வளாகத்து வாசலறைக்கு மீட்டரைக் கொண்டுவர ஒப்புக்கொண்டார். அவனை வேனில் அழைத்துப் போனேன். உள்ளங்கை, புறங்கை, நகக்கண் என்று ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். மீட்டர் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியா? ஒண்ணுமே இல்ல," என்றார்.

அவன் தலையாட்டினான். சாலைக்கு வந்ததும் என் காதருகே குனிந்து, "மீட்டரு ரிப்பேருண்ணா. கை எரியறது எனக்குத்தான தெரியும்," என்றான்.

நாராலும் சலவைச் சோடாவாலும் தேய்த்த கை எரியாமல் என்ன செய்யும்? அதையும் சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை.

மழைக்காலம் முடியுமுன் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அனந்தபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தை இப்போது நடக்கிறதாம். அவன் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

நான் அதே வேனில்தான் போகிறேன். வேறு ஜோடி கொடுத்திருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வளவனூருக்குப் போனேன். கதவை அரையடி திறந்து, "உள்ள வராதண்ணா, உனக்கும் ஒட்டிக்கும்," என்றான். டாக்டரைப் பார்க்கலாம், இந்த முறை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம்தான் கேட்டது.