வேறெங்கிருந்தோ வரவேண்டிய பிள்ளை

இந்தக் கனடாவில் பேருந்தில் ஒருவர் தும்மினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தெருவில் துப்பினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகி நடப்பார்கள். ஆனால் தொலைக்காட்சியில், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் வளர்ந்த ஆண்கள், கமெரா தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது துப்புகிறார்கள். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. போன கோடையில் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பந்து எறிபவன் ஒரு பந்துக்கு முன் நான்கு தரம் துப்பினான், இரண்டு தரம் தொப்பியைத் தொட்டான், ஒரு தரம் சட்டைக்குள் கிடந்த சிலுவையைத் தடவினான். பிறகு எறிந்தான். மட்டையோடு நின்றவன் அடிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். இதற்குப் பெயர் பேஸ்போல்.

நான் இதை விரும்பிப் பார்ப்பவன் அல்ல. அஜின்கோர்ட்டில் முதியோருக்கான அடுக்குமாடியில் தனியாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் இரண்டு பேருந்து மாறி மல்வேர்னுக்கு, என் தம்பியின் மகன் ரூபன் வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். அங்கே சாப்பாடு ஒரு கையிலும் பேஸ்போல் கண்ணிலுமாகத்தான் கிடைக்கும். மைதானத்தில் நிற்கும் ஒன்பது பேரில் ஆறு பேர் எந்த நேரமும் சும்மா நிற்கிறார்கள். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஆட்களை எண்ணுவது என் தொழில். சும்மா நிற்பவர்களையும் சேர்த்துத்தான்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரூபன் ஒரு பத்திரிகையை என் முன்னால் விரித்தான். எங்கள் நகரத்து அணி அந்த வருடம் ஒப்பந்தம் செய்த வெளிநாட்டுப் பிள்ளைகளின் விபரம் அதில் இருந்தது. டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா போன்ற இடங்களில் பதினாறு வயதுப் பையன்களைப் பிடித்து, கையெழுத்து வாங்கி, அங்கேயே ஒரு முகாமில் வைத்துப் பழக்குகிறார்கள். கையெழுத்துப் பதினாறில் என்றாலும் பேச்சுவார்த்தை பதின்மூன்றிலேயே முடிந்துவிடுவதும் உண்டாம். ஒரு படத்தில், தோளுக்குப் பெரிதான கோட்டும் அணியின் தொப்பியுமாக ஒரு பிள்ளை தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறது. பேனையை அது பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். பேனையோடு அதிகம் பழகிய கை அல்ல.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்ததை நீங்கள் வாசிக்க வேண்டும். ஒருவனுக்கு அகன்ற தோளாம், இன்னும் சதை வைக்க இடம் இருக்கிறதாம். இன்னொருவனுக்கு விரல்கள் நீளமாம், தகப்பன் உயரமானவர் என்பதால் மகனும் உயர்வான் என்று நம்புகிறார்களாம். மாட்டுச் சந்தையில் கூடப் பல்லைப் பார்த்து விலை பேசுவார்களே தவிர, அதைப் பத்திரிகையில் போட்டுப் பெருமைப்பட மாட்டார்கள். பெயருக்குப் பக்கத்தில் வயது, வயதுக்குப் பக்கத்தில் உயரம், உயரத்துக்குப் பக்கத்தில் நிறை. எத்தனையாம் வகுப்பு வரை படித்தான் என்பதற்கு நிரல் இல்லை. நான் தயாரித்த அட்டவணையில் அந்த நிரல் விடுபட்டிருந்தால் என் மேலதிகாரி அதை என் மேசையிலேயே எறிந்திருப்பார்.

“உதில நூறு பேரை எடுத்தால் எத்தனை பேர் கடைசியில இஞ்ச வந்து விளையாடுவினம்?” என்று ரூபனிடம் கேட்டேன்.

“அது எனக்குத் தெரியாது பெரியப்பா. வாறவன் வருவான்.”

ஒரு புள்ளிவிபரக்காரனிடம் சொல்லக்கூடிய பதிலா இது?

ரூபன் லொறி ஓட்டுகிறான். மனைவி சுதா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. ஒரே மகன் ஆரணன், பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. பையன் நல்லவன், நான் போனால் காதில் இருக்கும் கருவிகளில் ஒன்றையாவது கழற்றுவான். அவன் பந்தை மணிக்கு எண்பத்து நான்கு மைல் வேகத்தில் எறிகிறான் என்று ரூபன் எல்லோரிடமும் சொல்கிறான். கோயிலில் சொல்கிறான், செத்தவீட்டில் சொல்கிறான். வீதியைக் கிலோமீற்றரிலும் பந்தை மைலிலும் அளக்கும் இந்த நாட்டைப் பற்றி நான் என்ன சொல்ல? மற்றத் தமிழ்த் தகப்பன்மார் பிள்ளைகளை அஜின்கோர்ட்டில் கணிதத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று, விஞ்ஞானத்துக்கு ஒன்று என்று மூன்று ரியூசன் கடைகளில் இறக்கிவிட்டுக் காருக்குள் தூங்குகிறார்கள். அவர்களையும் நான் மதிப்பதில்லை. ஆனால் அந்த மடமைக்கு ஒரு பாடத்திட்டமாவது இருக்கிறது.

முந்திய ஆவணியில் ஒரு சுற்றுப்போட்டியில், மடக்குக் கதிரை போட்டு வேகமானியோடு ஒருவன் உட்கார்ந்திருந்தானாம். ஏதோ ஓர் அணிக்கு ஆள் தேடுபவன். ரூபன் அவனிடம் போய்க் கதைத்ததை, பத்திரிகையை விரித்த அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொன்னான்.

“நான் கேட்டன் பெரியப்பா, வெளிநாட்டில பதினாறு வயசுப் பெடியளை எடுக்கிறியளே, என்ர மகனுக்கும் வாற வருசம் பதினாறு, அவனையும் எடுங்கோவன் எண்டு. அவன் சிரிச்சுப்போட்டுச் சொன்னான், அதுக்கு உன்ர மகன் வேற எங்கையாவது இருந்து வந்திருக்க வேணும் எண்டு.”

“ஏலாது எண்டு மரியாதையாச் சொல்லியிருக்கிறான்.”

“இல்லைப் பெரியப்பா. வழி சொல்லியிருக்கிறான்.”

நான் சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டேன். விசயம் இதுதான். கனடாப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை முடிக்கும் வரை காத்திருந்து, அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் நாளில் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளை என்றால் பதினாறிலேயே கையெழுத்து. ஆகவே ரூபனின் முடிவு: ஆரணனைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவது. அங்கே கொஞ்சக் காலம் இருந்தால் அவன் வெளிநாட்டுப் பிள்ளை. எறிகிறதை வீடியோ எடுத்து எல்லா அணிகளுக்கும் அனுப்பலாம்.

வேறு எந்தச் சாதி மனிதனும் அந்தச் சிரிப்பை இப்படி விளங்கிக்கொள்ள மாட்டான். ஒரு யாழ்ப்பாணத்தான் விளங்கிக்கொள்வான். அதிலும் ரூபனைப் போல வந்து சேர்ந்தவன் விளங்கிக்கொள்வான். அவன் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது கொழும்பில் ஒரு லொட்ஜில், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவனை வைத்திருந்தான். நான் அலுவலக வேலையாகக் கொழும்புக்குப் போனபோது பார்க்கப் போனேன். மின்விசிறி ஓடாத அறையில் ஐந்து பெடியள் கட்டிலிலும் நிலத்திலுமாக இருந்து பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். கள்ளப் பாஸ்போட்டின்படி ரூபன் அப்போது மலேசியாவில் படிக்கும் ஒரு மாணவன். புதுப்பெயர், புதுத்தகப்பன், கல்லூரிக்குப் போகும் பேருந்தின் இலக்கம் எல்லாம் மனப்பாடம். “ரூபன்” என்று கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. ஏஜென்சிக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான், தேறிவிட்டான் என்பதுபோல. உயர்தரப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்ட பையன் வாழ்க்கையில் முழுப்புள்ளி வாங்கிய ஒரே பாடம் அதுதான். அவனிடம் போய், உன் மகன் வேறு எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரன் சொன்னால், அவன் அதை மறுப்பாகவா எடுப்பான்? அது அவனுக்குச் செய்து பழகிய வேலை.

திட்டத்தில் எனக்கும் பங்கு இருந்தது. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பூட்டிக் கிடக்கும் வீடு என்னுடையது. ஆரணனோடு பாதுகாவலராகப் போய் நிற்க வேண்டியவனும் நான்.

“உங்களுக்கும் இஞ்ச என்ன வேலை பெரியப்பா? குளிருக்க கிடந்து பென்சனை எண்ணுறியள். அங்க போய் எண்ணுங்கோவன்.”

அந்த வார்த்தைக்கு அவனை ஏசியிருக்க வேண்டும். ஏசவில்லை. வீட்டுக்கு வந்து, பென்சனுக்குப் பழுது வராமல் எத்தனை மாதம் கனடாவுக்கு வெளியில் நிற்கலாம் என்று பார்த்தேன். ஏற்கெனவே தெரிந்ததுதான், இருந்தும் பார்த்தேன். பிறகு விமானச்சீட்டு விலையையும் பார்த்தேன். மடைத்தனமான திட்டம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை ரூபன் கடைக்குப் போன நேரம் பையனிடம் கேட்டேன்.

“உனக்கு விருப்பமோ?”

“ஐ டோன்ட் நோ, தாத்தா. அப்பா சொல்றார் இட்ஸ் த ஒன்லி வே.” தோளைக் குலுக்கினான். “அங்க எனக்கு ஆர் பந்து பிடிப்பினம்? யூ?”

சுதா குசினிக்குள் இருந்து வெளியே வந்தாள். வேலைக்குப் போகும் உடுப்போடு நின்றாள்.

“பன்ரண்டு மணித்தியாலம் நிண்டு ஆரோ பெத்த கிழவியளைத் தூக்கிப் படுக்க வைக்கிறன் மாமா, இவன் படிக்கவேணும் எண்டு. அவர் தான் வந்த பாதையால பிள்ளையைத் திருப்பி அனுப்பப் போறார். நீங்கள் படிச்ச மனுசன், பேசாமல் இருக்கிறியள்.”

நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்று அவளுக்குத் தெரியும் போல இருந்தது. சரியாக விசாரிக்காமல் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டக் கூடாது என்று அன்று ரூபனிடம் சொன்னேன். அவளும் விடவில்லை. பையனின் பயிற்சியாளர்களில் ஒருவரான ரமோன் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். அவரிடம் கேட்போம் என்றாள்.

பயிற்சி நடக்கும் கட்டடம் ஒரு பழைய களஞ்சியசாலை. வலைகள் தொங்கின, றப்பர் நாறியது. ரூபனின் ஆங்கிலம் லொறிக்குப் போதுமானது என்பதால் நானே பேசினேன். வதிவிடம் தொடர்பான விதிகளைத் தயவுகூர்ந்து எமக்குத் தெளிவுபடுத்த முடியுமா என்று, எனக்குக் கற்பித்த ஆங்கிலத்தில் கேட்டேன். ரமோன் சுதாவிடம் திரும்பி, “இவர் உங்கள் லோயரா?” என்றார்.

பிறகு ரூபனிடம், “பையன் எத்தனையாம் வகுப்பு?” என்று கேட்டார்.

“பத்து.”

“இங்கேயா?”

“இங்கேதான்.”

“அப்படியென்றால் அவன் இங்கத்தவன்.” இந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிக்குள் கால் வைத்த பிள்ளையை வெளிநாட்டான் என்று அவர்கள் சும்மா ஏற்க மாட்டார்கள் என்றார். பல வருடம் வெளியில் வாழ்ந்து, அதை நிரூபித்து, அவர்களின் விசாரணைக்கு நின்று பிடிக்க வேண்டும். அதற்குள் பையனுக்கு வயது போய்விடும். பதினாறு வயதைத் தேடுபவர்கள் பத்தொன்பதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

நான் விளங்கிக்கொண்டேன். கனடாவுக்குள் இத்தனை நாள் இருந்தோம் என்று காட்டிக் குடியுரிமை எடுத்தவர்கள் நாங்கள். இனி, இருக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

 ரூபன் கேட்டான்: “அப்பீல் இல்லையா?”

ரமோன் வாய்விட்டுச் சிரித்தார். “எதற்கு அப்பீல்? உன் மகன் கனடாக்காரன் என்பதற்கு எதிராகவா?”

ரூபனின் அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு அப்பீலில்தான் வென்றது. இது ரமோனுக்குத் தெரியாது. ரூபன் சிரிக்கவில்லை.

ரமோன் சிரிப்பை நிறுத்திவிட்டு, தானும் பதினாறில் கையெழுத்து வைத்தவன்தான், இருபதில் ஒரு பையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றார். “நீங்கள் எதுவரை படித்தீர்கள்?” என்று கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி, ஆனால் வெறுமையாகக் கிடக்கும் நிரலை அப்படியே விட எனக்கு வராது. “ஏழு,” என்றார். 

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னபோது ஆரணன் சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “ஓகே,” என்றான். கரண்டி நிற்கவில்லை. சுதா என்னைப் பார்க்காமல் எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். திங்கட்கிழமை பையன் பள்ளிக்கூடம் போனான். விமானச்சீட்டு விலை பார்த்து வைத்திருந்த என்னைத் தவிர யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.

அடுத்த கிழமை கொக்குவிலில் இருந்து தவராசா அழைத்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரன். படம் ஒன்று அனுப்பியிருப்பதாகச் சொன்னான். பார்த்தேன். ரூபன் எனக்குச் சொல்லாமல் அவனுக்கு அளவுகள் அனுப்பியிருந்திருக்கிறான். என் முற்றத்து நெல்லுக் காயப்போடும் சீமெந்துத் தரையில், மட்டையோடு நிற்பவனுக்கு முன்னால் வைக்கும் அந்த ஐந்து மூலை அடையாளம், வெள்ளையாக, கோணலில்லாமல் கீறப்பட்டிருந்தது. அதிலிருந்து தள்ளி, பந்து எறிபவன் கால் வைக்கும் இடத்தில் ஒரு கோடு. இடையில் ஒரு கோழி.

“அறுபது அடி ஆறு அங்குலம் அண்ணை. சங்கிலி பிடிச்சு அளந்தனான். சரியோ?”

எனக்கு அளவில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

“பெடியன் வரேல்லை தவராசா.”

“அப்ப நீங்கள்?”

“நானும்தான்.”

 “அப்ப உதை அழிக்கவோ அண்ணை?”

“கிடக்கட்டும். மழை வந்தால் தானாப் போகும்.”

“போகாது அண்ணை. நல்ல பெயின்ற் வாங்கித்தான் அடிச்சனான்.”